வலப்பக்க விளக்கு

மூன்று நாளாக அது அவசரப்பட்டது.
இடப்பக்கம் போட்டால் ஆறுதலாக, மூச்சு விட்டு விட்டு.
வலப்பக்கம் போட்டால் மட்டும்
டிக்டிக்டிக்கென்று, வழக்குத் தவணைக்குப் பிந்தியவன் மாதிரி.
கொழும்பில் ஓடும் கார், பழகிவிட்டது என்று
இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் கிருலப்பனைச் சந்தியில்
எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரன்
ஒரு சாண் தூரத்தில் நின்றான்.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
முதலில் சிங்களத்தில் ஏசினான்.
என் பொட்டைப் பார்த்த பிறகு
தமிழிலும் ஒருமுறை.
மொழிபெயர்ப்பில் பெரிய பிழையில்லை.
புதுக்கடை நீதிமன்றத்தில் பதினாறு வருடமாக
இதே வேலைதான் எனக்கு.
இரண்டாவதில் என் தாயை மட்டும் விட்டுவிட்டான்.

சிக்னல் போட்டேன் என்றேன்.
போடவில்லை என்றான்.
இருவர் வாக்குமூலமும் உண்மை.
பின்னால் நின்ற 138 பஸ்
இருவரையும் நம்பாமல் ஹோர்ன் அடித்தது.

பஞ்சிகாவத்தையில் கடைக்காரர்
பழைய பல்பைக் காதருகே ஆட்டிப் பார்த்த மாதிரி
கதையைக் கேட்டார்.
"ஒன்று போனால் நோனா, மற்றது வேகமாக அடிக்கும்.
இரண்டாய் எடுங்கள். மற்றதுக்கும் இதே வயதுதானே."
பக்கத்துக் கராஜில், நாளைக்கு வாங்க என்றார்கள்.
நாளைக்கு எனக்குக் கொலை வழக்கு என்றேன்.
பையன் ஓர் அடி பின்னால் போனான்.

இரவு ஒன்பதரை. வெள்ளவத்தை,
எங்கள் மாடிவீட்டின் கீழ்த்தளம்.
பொனெற்றுக்குக் கம்பு கொடுத்து
வளையலைக் கழற்றிச் சீட்டில் போட்டு
போனைப் பற்றரி மேல் சாய்த்து வைத்தேன்.
அது வெளிச்சத்தை என் முகத்துக்கே அடித்தது.
விளக்குக்கும் பற்றரிக்கும் நடுவே
ஒரு கை போகும். கையோடு பார்வை போகாது.
தடவி, பிடித்து, கால் திருப்பு.
கழன்று வந்தது.
உள்ளே புகை பிடித்த கண்ணாடி,
அறுந்த மயிர்க்கம்பி.

புதியது ஏறவில்லை.
அமத்தினேன். திருப்பினேன். மறுபடியும்.
கடைக்காரரை, காரை, ஜப்பானைத் திட்டினேன்,
மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்.
பிறகுதான் பார்த்தேன்:
அதன் இரண்டு காதும் நேரெதிரே இல்லை,
ஒன்று கொஞ்சம் தள்ளி.
மஞ்சள் சொல்ல வேண்டிய இடத்தில்
யாரும் வெள்ளையைச் செருகக் கூடாதென்று
அப்படிச் செய்திருக்கிறார்கள்.
எங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு காது வைத்திருக்கலாம்.

மூன்றாம் மாடி இம்தியாஸ்
குப்பைப் பையோடு இறங்கி வந்தார்.
"ஐயோ மிஸ், ஆள் ஒன்றைக் கூப்பிட்டிருக்கலாமே?"
"கூப்பிட்டேன். நான்தான் வந்தேன்."
அவர் சிரித்து, பையோடேயே நின்று, போய்விட்டார்.
மீன் வாசம் கொஞ்சம் நின்றது.

இடப்பக்கத்தில் வொஷர் தண்ணீர்த் தொட்டி.
விரல் மொளியில் தோல் போனது.
ஆனாலும் நான்கே நிமிடம்,
கைக்கு வழி தெரிந்திருந்தது.

சாவியைத் திருப்பினேன்.
முன்னால் போய்ப் பார்க்க ஆளில்லை, சுவர் இருந்தது.
நீர் கசிந்து வரைபடமாகிப் போன சுவரில்
மஞ்சள் வந்தது, போனது, வந்தது.
டிக். டிக். அவசரமில்லை.

நாள் முழுக்க நான் என்று சொல்கிறவள் நான்.
நான் அவனை வெட்டவில்லை.
நான் அன்று அனுராதபுரத்தில் இருந்தேன்.
நான் அந்தக் கையெழுத்தை அறியேன்.
எல்லாம் யாரோவுடைய நான்.
நிறுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
நான் திரும்பப் போகிறேன் என்றது சுவர்,
மறுபடியும் மறுபடியும்,
என் சார்பில்.

காலையில் அதே கிருலப்பனைச் சந்தி.
தெளிவாக, எந்த மொழிக்காரருக்கும் விளங்கச் சொன்னேன்.
ஒருவரும் வழி விடவில்லை.
பரவாயில்லை.
சொல்லவில்லை என்று இனி
எவரும் சாட்சி சொல்ல முடியாது.